நீரருகே ஓர் அறை



தாம்பரத்தை அடுத்த முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளை அறிந்தவர்களுக்கு இங்குள்ள ஒரு வழக்கம் தெரிந்திருக்கும். வீடு பார்க்க வருபவர் வாடகையைக் கேட்பதற்கு முன்பே, “மழைக்காலத்தில் தண்ணீர் வருமா?” என்றுதான் கேட்பார். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி வீதிகளில் படகு சென்றதைக் கண்டவர்கள் நாங்கள். இயன்றவரையில் மாடி வீட்டையே நாடுகின்றோம். அத்தகைய ஊரில் வாழும் ஒரு குடும்பம், கப்பலில் மட்டும் தண்ணீருக்கு மிக அருகில் உள்ள அறையே வேண்டுமென்று கூடுதல் பணம் செலுத்தியது என்றால் நீங்கள் வியப்படையக்கூடும். அந்தக் குடும்பம் எங்களுடையதுதான். அதன் காரணத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூனில் உல்லாசக் கப்பல் பயணம் தொடங்கியது. 2023 ஜூனில் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்கும் கப்பல் புறப்பட்டது. அச்செய்திகளைப் படித்தபோது எங்கள் இல்லத்தில் எல்லோரையும்விட அதிக ஆவல் கொண்டவர் எழுபத்தைந்து வயதைக் கடந்த என் உம்மாதான்.

அந்த ஆவலுக்குப் பின்னே ஒரு வாழ்க்கை இருக்கிறது. என் வாப்பா நாகூர்ச் சபராளி. நாகப்பட்டினத்தில் படகேறி, கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்ற ‘ரஜூலா’ கப்பலை அடைந்து பினாங்கு சென்றவர். 1926இல் கட்டப்பட்ட அக்கப்பல் 1973 வரை சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் வழியில் ஓடி, நம் மக்கள் ஆயிரக்கணக்கானோரைச் சுமந்தது. அவர்களிற் பெரும்பாலோர் டெக் பயணிகள். அவர்களுக்கு அறை இல்லை, கட்டில் இல்லை. பாய் விரித்த இடமே வீடு, தகரப்பெட்டியே தலையணை. கணவர் கடந்து சென்ற கடலை உம்மா கரையிலிருந்து மட்டுமே கண்டார். வாப்பா மறைந்த பின்னர், “அந்தத் தண்ணியைப் பக்கத்துல ஒருதரம் பாக்கணும்” என்று சொல்லத் தொடங்கினார்.

மூன்று இரவுப் பயணம் என்று முடிவானதும் அறையைப் பற்றி விவாதம் எழுந்தது. சன்னலற்ற உள்ளறையே போதும், கட்டணம் குறைவு என்றார் என் கணவர். உயரமான தளமே சிறந்தது, நெடுந்தொலைவு தெரியும் என்றான் மகன். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆயினும் உம்மாவுக்கு மூட்டுவலியும் அவ்வப்போது தலைசுற்றலும் உண்டு. ஆகவே கப்பலின் அசைவைப் பற்றித் தெரிந்துகொள்வது அவசியமாயிற்று.

ஊஞ்சற்பலகை ஒன்றை நடுவில் தாங்கி இரு முனைகளையும் ஆட்டிப் பாருங்கள். முனைகள் ஏறி இறங்கும். நடுப்பகுதி ஏறக்குறைய அசையாதிருக்கும். அலையில் செல்லும் கப்பலும் அவ்வாறே. பக்கவாட்டில் சாயும்போதோ, காற்றில் ஆடும் தென்னையைப் போல, மேலே செல்லச் செல்ல ஆட்டம் மிகும். எனவே தாழ்வான தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அமைந்த அறையே தலைசுற்றலுக்கு அஞ்சுவோர்க்கு ஏற்றது. நீர் அருகே இருப்பது அச்சத்துக்குரியது என்று நாம் எண்ணுகிறோம். கப்பலிலோ அதுவே அமைதியான இடம்.

ஆனால் பால்கனி அறை அடித்தளத்தில் கிடைக்காது. அலை மோதும் உயரத்தில் திறக்க முடியாத கண்ணாடிச் சன்னல்களே இருக்கும். பால்கனிகள் அதற்கு மேல் சில தளங்கள் தாண்டியே தொடங்கும். அவ்வரிசைகளில் மிகக் கீழானதைத்தான் நாம் கேட்க வேண்டும். பழைய கப்பல்களில் பால்கனி அறைகளே சொற்பமாதலால் முன்கூட்டியே பதிவு செய்வது நலம்.

பணம் செலுத்துமுன் கப்பலின் தள வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பால்கனிக்கு எதிரே உயிர்காப்புப் படகு தொங்கினால் கடல் தெரியாது. மேலேயோ கீழேயோ சமையலறை, நடன அரங்கு, சூதாட்டக்கூடம் இருந்தால் நள்ளிரவிலும் ஓசை ஓயாது. அவ்விடங்களிலிருந்து விலகிய அறை நம் குடும்பங்களுக்கு இருவகையிலும் நிம்மதி தரும். ஹலால் உணவு கிடைக்குமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

பக்கமும் முக்கியம். தெற்கு நோக்கிச் செல்லும் கப்பலில் இடப்புற அறைக்குச் சூரிய உதயம் கிட்டும். வலப்புற அறைக்கு அஸ்தமனம் கிட்டும். திரும்பி வரும்போது இது மாறிவிடும். இக்கடலில் கிப்லா மேற்கே சற்று வடக்காக அமையும். கப்பல் திரும்பினால் அறைக்குள் அதன் திசையும் மாறுமாதலால், திசைகாட்டி ஒன்று உடனிருக்கட்டும்.

சிறு குழந்தைகள் இருப்பின் பால்கனி வேண்டாம் என்பதே என் எண்ணம். எடுப்பதாயின், கம்பித் தடுப்பருகே நாற்காலி போடாதீர்கள். குழந்தையை அங்கே தனியே விடாதீர்கள். ஆபத்து வேளையில் கூடவேண்டிய இடத்தைக் காட்டும் பயிற்சியை அசட்டை செய்யாதீர்கள். 1985 பிப்ரவரியில் நம் வங்கக் கடலில் ‘எம்.வி. சிதம்பரம்’ பயணிகள் கப்பல் தீப்பற்றிப் பலர் மாண்டதை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். முதியவரின் அறையிலிருந்து படிக்கட்டு எத்தனை அடி தூரம் என்பதை முதல் நாளே நடந்து பார்த்துவிடுங்கள்.

இவை யாவற்றையும் ஆராய்ந்தபின், நடுப்பகுதியில், பால்கனி வரிசைகளுள் மிகத் தாழ்ந்ததில், இடப்புற அறை ஒன்றை உம்மாவுக்கும் எனக்குமாகப் பெற்றோம். கணவரும் மகனும் அவர் விரும்பியபடி மலிவான உள்ளறையில் தங்கினர். கூடுதற்செலவு பாதியாயிற்று.

சுபுஹுத் தொழுகை முடித்து உம்மா வெளியே வந்து அமர்ந்தார். கப்பலின் விலா நீரைக் கிழிக்கும் ஓசை மிக அருகில் கேட்டது. உப்புக் காற்று முகத்தில் படிந்தது. மேல்தளத்தில் இருந்திருந்தால் அந்த ஓசை எட்டியிராது. நெடுநேரம் பேசாதிருந்த உம்மா, “இத்தனை தண்ணியையும் தாண்டியா அவுக கடுதாசி வந்துச்சு?” என்றார். அவர் கண்கள் கலங்கவில்லை. கணக்கொன்று சரியாகிவிட்டதைப்போல் தலையை மட்டும் அசைத்தார்.

வாசகர்களே, அறையைத் தேர்ந்தெடுக்கும் முன் கட்டணப் பட்டியலைப் பாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அப்பயணம் உங்கள் இல்லத்தில் யாருக்காக என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அவருடைய முழங்காலையும் உறக்கத்தையும் விருப்பத்தையும் கேட்டறியுங்கள். எந்தத் தளம், எந்தப் பக்கம் என்பது அதன்பின் தானே விளங்கிவிடும்.