இரண்டாவது சீட் யாருக்கு?

தாப்பா,
பிப்ரவரி 2026

அடி என் ஜோகூர்க்காரி,

சீனப் பெருநாள் லீவுக்குக் கேமரன் மலை ஏறுகிற காடிகள் எல்லாம் நம் தாப்பாவில் வந்து முட்டிக்கொண்டு நிற்கின்றன. ரோட்டைத் தாண்டி ஒரு ரொட்டி சானாய் வாங்கி வருவதற்குள் உயிர் போகிறது. சரி, வெளியே போக வேண்டாம், உனக்குக் கடுதாசி எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். ஊர் வம்பு இந்தத் தடவை கிடையாது. அதையெல்லாம் உன் தங்கச்சி போனிலேயே ஒப்பித்திருப்பாள். என்னிடம் இருப்பது வேறு வம்பு: 2027இல் எந்த ஃபார்முலா ஒன் அணியில் யார் யார்?

சிரிக்காதே. இந்த வருஷப் பந்தயமே மார்ச் 8ஆம் தேதிதான் மெல்பர்னில் தொடங்குகிறது, அதற்குள் அடுத்த வருஷக் கவலையா என்பாய். என் அக்கா மகன் பட்டறைக்கு வந்து பார். பிளக் பெட்டி அட்டையைக் கத்தரித்து 22 துண்டு, ஒவ்வொன்றிலும் மார்க்கரில் ஒரு பெயர். எண்ணெய் மாற்ற யாரோ விட்டுப்போன மைவியின் பானட் மேல், அணிக்கு இரண்டாகப் பதினொரு வரிசை. எல்லா அட்டையிலும் கரி விரல் அடையாளம். வெர்ஸ்டாப்பன் அட்டையை மட்டும் வைப்பருக்கு அடியில் செருகி வைத்திருக்கிறான். "அவன் நகர்ந்தாத்தான் மத்தவன் எல்லாம் நகர்வான் சின்னம்மா" என்று விளக்கம் வேறு.

ரெட்புல்லோடு வெர்ஸ்டாப்பனுக்கு 2028 வரை ஒப்பந்தம் இருக்கிறது. இருந்தும் போன வருஷம் பாதி நாள் "மெர்சிடிஸுக்குப் போகிறான், போகிறான்" என்றே பேச்சு ஓடியது. ஜூலையில் அணித் தலைவர் ஹார்னரையே வீட்டுக்கு அனுப்பினார்கள், பையன் இருந்த இடத்தில் இருந்தான். கடைசியில் வெறும் 2 பாயிண்டில் பட்டத்தை நோரிஸிடம் விட்டான். எனக்கென்னவோ முதல் சீட்டைப் பற்றிப் பேசுவதில் ருசியே இல்லை. அங்கே யார் உட்காருவான் என்று பச்சைப் பிள்ளையும் சொல்லும். கதை எல்லாம் பக்கத்து சீட்டில்தான் நடக்கிறது.

ரெட்புல்லின் இரண்டாவது சீட்டையே எடுத்துக்கொள். எந்த மருமகளும் நிலைக்காத வீடு அது. 2019இல் காஸ்லியைப் பாதி சீசனில் தம்பி அணிக்கு விரட்டினார்கள். அவன் மறு வருஷமே அந்தச் சின்னக் காடியை வைத்து மோன்சாவில் ஜெயித்துக் காட்டினான். அடுத்து ஆல்பன், 2020 முடிந்ததும் கிளம்பு என்றார்கள். இன்றைக்கு வில்லியம்ஸில் தாய்லாந்துக் கொடியோடு ராஜா மாதிரி ஓட்டுகிறான். பெரெஸ் நாலு வருஷம் தாக்குப்பிடித்தார். போன வருஷம் லாசனுக்கு இரண்டே பந்தயம்! மூன்றாவதில் சுனோடா. அவனும் இப்போது வெளித் திண்ணையில், ரிசர்வ். இந்த வருஷம் போயிருப்பவன் ஹஜார். போன வருஷம் மெல்பர்னில் பந்தயம் தொடங்குமுன்னே, அணிவகுப்புச் சுற்றிலேயே முட்டிவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் அழுதுகொண்டு நடந்தானே, அந்தப் பிள்ளைதான். ஹாமில்டனின் அப்பா ஓடிவந்து கட்டிப்பிடித்துத் தேற்றினார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு அவன் மேல் ஒரு பாசம். ஆனால் பாசம் சீட்டைக் காப்பாற்றாது.

அக்கா மகன் 2027க்கு அந்த இடத்தில் லிண்ட்பிளாட் அட்டையை வைத்திருந்தான். பதினெட்டு வயசு, இந்த வருஷம்தான் தம்பி அணியான ரேசிங் புல்ஸில் நுழைகிறான். அப்பா ஸ்வீடன்காரர், அம்மா வழியில் இந்திய வம்சம். அதனால் நம் பட்டறைப் பையன்களுக்கு அவன் இப்போதே சொந்தக்காரன். நான் அட்டையை எடுத்துத் தம்பி அணியிலேயே திரும்ப வைத்தேன். இன்னும் ஒரு வருஷமாவது அங்கே இருக்கட்டும். அந்த வீட்டுக்கு இவ்வளவு சீக்கிரம் அனுப்ப எனக்கு மனசில்லை.

ஃபெராரியைப் பற்றிச் சொன்னால் நீ சண்டைக்கு வருவாய். வந்தால் வா. ஹாமில்டனுக்கு 2027 தொடங்கும்போது 42 வயசு. சிவப்புச் சட்டை போட்ட முதல் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட மேடை ஏறவில்லை. ஷாங்காய் ஸ்பிரிண்டில் ஜெயித்ததைக் காட்டி எத்தனை நாள் பேசுவாய்? ஹாஸில் ஃபெராரி வளர்த்துவரும் பேர்மன் காத்திருக்கிறான். 2024இல் சைன்ஸுக்குக் குடல்வால் ஆபரேஷன் என்று திடீரென்று கூப்பிட்டபோது, பதினெட்டு வயசில் ஜெட்டாவில் ஏழாவதாக வந்தவன். லெக்லேருக்குப் பக்கத்தில் அவன் அட்டை. என் கையால் வைத்தேன்.

ஆஸ்டன் மார்ட்டின்தான் சுவாரசியம். அலோன்சோவின் ஒப்பந்தம் இந்த வருஷக் கடைசியோடு சரி, ஜூலையில் அவருக்கு 45. மற்ற சீட் காலியாகுமா என்று கேட்காதே, அது லான்ஸ் ஸ்ட்ரோல் சீட். அணி அவன் அப்பாவுடையது. எனவே ஒரே இடம்தான். லெக்லேர் போவான் என்று இங்கே ஒரு கோஷ்டி கத்துகிறது. நான் சொல்வது சுனோடா. ஏன் தெரியுமா? இந்த வருஷத்திலிருந்து அந்தக் காடிக்கு ஹோண்டா எஞ்சின். சுனோடாவைச் சின்ன வயசிலிருந்து வளர்த்ததே ஹோண்டா. எஞ்சின் கொடுக்கிறவன் சொல்லுக்கு எப்போதும் மரியாதை உண்டு. அதேபோல் கடில்லாக். புது அணிக்கு அனுபவம் வேண்டும் என்று பெரெஸையும் போட்டாஸையும் எடுத்தார்கள், நல்ல முடிவு. ஆனால் அமெரிக்க அணி எத்தனை நாள் அமெரிக்கன் இல்லாமல் ஓடும்? ஹெர்டா இந்த வருஷம் ஃபார்முலா டூ ஓட்டப் போவதே உரிமத்துக்குப் பாயிண்ட் சேர்க்கத்தான். 2027இல் போட்டாஸ் இடம் அவனுக்கு.

இப்படி யாருக்கோ ஏதோ தேவைப்படுகிறது, அதனால் இரண்டாவது சீட் யாருக்கோ கிடைக்கிறது. நம் ஆட்கள் கதையும் அதுதானே. அலெக்ஸ் யூங் 2002இல் ஓட்டிய மினார்டி அணியின் பெயருக்கு முன்னால் 'கேஎல்' என்று ஒட்டியிருந்தது, ஞாபகமிருக்கிறதா? நம் நாட்டுப் பணம் அது. மெல்பர்னில் ஏழாவதாக வந்தார். அன்றைக்கு ஆறு பேருக்குத்தான் பாயிண்ட். இன்றைய கணக்கில் பத்துப் பேருக்குக் கிடைக்கும். அதே பந்தயத்தில் அதே அணியின் இன்னொரு காடியில் வெபர் ஐந்தாவதாக வந்து எல்லாக் கைதட்டலையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் அதே வருஷம் யூங் மூன்று முறை தகுதிச் சுற்றையே தாண்டவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வேகம் போதவில்லை, பாவம்.

நரேன் கார்த்திகேயன் கதை இன்னும் மோசம். 2011இல் சில்வர்ஸ்டோன் வந்ததும் எச்ஆர்டி அணியில் அவர் சீட்டில் ரெட்புல் தன் பையன் ரிக்கார்டோவை உட்காரவைத்தது. அக்டோபரில் இந்தியாவின் முதல் பந்தயம் என்றதும் திரும்பக் கூப்பிட்டார்கள். டிக்கெட் விற்க வேண்டுமே! சென்னைப் பையன் கருண் சந்தோக்குக்கு அதுவும் இல்லை. நம் டோனி பெர்னாண்டஸின் அணியில் ரிசர்வாக இருந்தார். ஜெர்மனியில் ஒரு பந்தயம் கொடுத்ததோடு சரி. சொந்த நாட்டுப் பந்தயத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். அந்த அணியின் பந்தய சீட்டில் ஒரு மலேசியனும் உட்காரவில்லை என்பது தனிக் கூத்து.

ஆனால் 2012 செப்பாங்! மழை கொட்டியது. எல்லாரும் டயர் மாற்ற உள்ளே ஓடிக்கொண்டிருந்தபோது, தொடக்கத்திலேயே முழு மழை டயர் போட்டு வந்த நரேன், சிவப்புக் கொடி காட்டியபோது பத்தாவது இடத்தில் நின்றார். கிரிட்டிலேயே மட்டமான அந்த எச்ஆர்டி காடியில்! அப்புறம் பட்டன் வந்து இடித்துத் தன் மூக்கை உடைத்துக்கொண்டார். கடைசியில் வெட்டல் முந்தும்போது உரசி டயர் கிழிந்தது, பதினோராவது ஆனார். இரண்டு உலக சாம்பியன்கள், ஒரே கோயம்புத்தூர்க்காரர். வெட்டல் கோபத்தில் வாய்க்கு வந்தபடி திட்டினார், நரேனுக்கு 20 விநாடி அபராதம். நான் இன்றைக்கும் நரேன் கட்சி. முந்துகிறவன் இடம் விட்டு முந்தணும்.

அந்த நரேனை இப்போது யார் காடியில் ஏற்றிக்கொண்டது? நடிகர் அஜித். ஆசிய லெ மான்ஸ் தொடருக்கு நரேன் தன் அணியில் என்று போன வருஷம் அறிவித்தார். அந்தத் தொடர் டிசம்பரில் தொடங்கியதும் நம் செப்பாங்கில்தான். இங்கிருந்து வேன் பிடித்துப் போனவர்கள் பந்தயத்தைப் பார்த்தார்களா, 'தல'யைப் பார்த்தார்களா என்று கேட்காதே. எவனுக்கும் எத்தனை மணி நேரப் பந்தயம் என்றே தெரியவில்லை. எனக்குப் பிடித்தது வேறு: அந்த அணியில் யார் ஓட்டுவது என்று எந்த எஞ்சின்காரனும் பணம் போடுகிறவனும் சொல்ல முடியாது. முதலாளியே ஸ்டியரிங்கில். அப்பா ஸ்ட்ரோல் மகனுக்குச் செய்ததை இந்த மனுஷன் தனக்கே செய்துகொண்டார். துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அணி தன் பிரிவில் மூன்றாவதாகவும் வந்ததால் வாயைத் திறக்க முடியாது.

சரி, உன் பட்டியலை எழுதி அனுப்பு. 22 பெயரும் வேண்டும், மழுப்பாதே. மார்ச் 8க்கு முன்னால் வந்து சேரணும். அதற்குப் பிறகு வந்தால் செல்லாது, முதல் பந்தயத்தைப் பார்த்துவிட்டு யாரும் ஜோசியம் சொல்லலாம். தோற்றவள் 2027 சிங்கப்பூர் இரவுப் பந்தயத்துக்கு டிக்கெட் எடுக்கணும், இரண்டு பேருக்கும். உனக்கென்ன, பாலத்தைத் தாண்டினால் போதும், நான்தான் தாப்பாவிலிருந்து பஸ் ஏறணும். அதனால் சாப்பாடும் உன் கணக்கு. ஸ்ட்ரோல் பெயரைச் சரியாக எழுதியதற்கு மட்டும் மார்க் கிடையாது.

உன்
தாப்பாக்காரி