பொரிக்கடை ஓரத்துக் கணக்கு

கஞ்சமலை சித்தர் கோயில். அமாவாசைக்கு மறுநாள். ஜனம் வடிந்துவிட்டது, இறைந்த பொரியும் தேங்காய்ச் சில்லும் குரங்குகளுக்கு.

பொரிக்கடைப் படியில் ஒரு பையன். இளம்பிள்ளைக்காரன், விசைத்தறி ஓடும் வீடு என்பதை அந்த உரத்த குரலே சொல்லிவிடும். அடுத்த மாதம் வால்பாறை போகிறான், சிங்கவால் குரங்கு ஆராய்ச்சிக்கு உதவியாளாக. சம்பளம் கிடையாது. சோறும் படுக்க இடமும் உண்டு. அதற்குமுன் நாட்டுக்குரங்கில் கை பழகுகிறான்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரம் கூவுகிறது. உடனே இடமிருந்து வலமாக ஒவ்வொன்றையும் பார்த்துக் கட்டத்தில் ஓர் எழுத்து. தி என்றால் தின்கிறது. பே, பேன் பார்க்கிறது. சு, சும்மா இருக்கிறது. பக்கம் முழுக்க சு. நடுவே இரண்டு கடுவன்கள் கட்டிப்பிடித்துக்கொள்கின்றன, ரொம்ப நாள் கழித்துச் சந்தித்த பங்காளிகள் போல. பேனா துடிக்கிறது, கடிகாரம் கூவவில்லை, எழுதக் கூடாது. கண்ணைப் பறிப்பதை மட்டும் குறித்தால் குரங்கின் நாளே பொய்யாகிவிடும் என்று 1974இல் குரங்கு ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் எழுதிய கட்டுரைதான் இந்தக் கட்டுப்பாட்டுக்கெல்லாம் தாய்.

கன்னப்பை புடைத்த ஒரு கடுவன் முழங்காலருகே வந்து நிற்கிறது. பையன் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறான். முறைத்தால் அதற்குச் சண்டைக்கு அழைப்பு.

"குரங்கை எண்ணறதுக்குக் காசு குடுக்கறாங்களா தம்பி?" பொரிக்கடை அக்கா.

"இல்லீங்கக்கா."

"அப்ப எதுக்கு?"

பதில் இல்லை. சம்பளமில்லாத வேலைக்கு வீட்டில் தறி ஓடவேண்டும். வால்பாறை இருக்கும் ஆனைமலையில் காட்டுத்தடம் காட்டும் காடர் பழங்குடிப் பிள்ளை இப்படிச் சும்மா வர முடியுமா?

அக்கா பொரியை அளந்தபடியே சொல்கிறாள்: "காது கிழிஞ்சது இருக்கே, மதில்மேல இருக்கறது அதும் மவ. ரெண்டுக்கும் ஒரே மாசத்துல குட்டி. ஆத்தாளுது செத்துப்போச்சு. இப்ப மவ குட்டியப் புடுங்கி இடுக்கிக்குது."

மந்திகள் பிறந்த கூட்டத்திலேயே தங்கும், கடுவன்தான் கிளம்பும். அது அவன் படித்தது. யாருக்கு யார் தாய் என்பது அவன் கட்டங்களில் இல்லை; காது கிழிந்தது அங்கே வெறும் ஏழாம் எண்.

"எந்த மாசம்க்கா?"

"கார்த்திகை. எழுதிக்க. ஆனா தள்ளி உக்காரு, யாவாரத்த மறைக்கற."