ஏடுகள் இருக்கின்றன, எடுத்துத் தருபவர்?

கோவை ஆர்.எஸ். புரத்து மாவட்ட மைய நூலகத்திற்கு நாம் நெடுநாளாகச் சென்று வருகிறோம். ஆலையிலே இரவுப் பணி முடித்த தொழிலாளி நாளேட்டை விரிப்பார். அவர் அருகிலே ஓய்வுபெற்ற ஆசிரியர். அப்பால், தேர்வாணையத் தேர்வுக்கு ஆயத்தமாகும் இளைஞர் கூட்டம். சோற்றுப் பொட்டலத்தோடு காலையில் வந்து, விளக்கணைக்கும் வரை எழாத கூட்டம்! பொள்ளாச்சிப் பக்கத்து உழவர் மகளும் பட்டறை முதலாளியின் மகனும் ஒரே ஏட்டுக்குக் காத்திருப்பர். கிணற்றிலே நீர் மொள்ளவும் குலம் கேட்ட நாடன்றோ இது! இங்கே கேட்பது உறுப்பினர் அட்டை ஒன்றுதான். நாளேடு படிக்க அதுவும் வேண்டா.

இஃது எவரோ இரங்கி ஈந்த கொடையன்று. 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. விடுதலைக்குப் பின் இந்தியாவில் பிறந்த முதல் நூலகச் சட்டம் அதுவே. அதற்காக நெடுநாள் முயன்றவர் சீர்காழி தந்த அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன். அன்றைய கல்வி அமைச்சர், திருப்பூரிலே பிறந்த அவினாசிலிங்கம். வீட்டு வரி செலுத்துகிறோமே, அதன் ஒவ்வொரு ரூபாய்க்கும் பத்துக் காசு நூலக வரியாகச் சேர்கிறது. குடியிருப்போர் தரும் வாடகையிலும் அது மறைந்திருக்கிறது. ஆகவே, உரிமையோடு கேட்கிறோம்: ஏடுகள் உண்டு, கட்டடம் உண்டு, எடுத்துத் தரும் ஆள் எங்கே?

நாமறிந்த கிளை நூலகம் ஒன்று, பெயர் வேண்டா. அங்கே இருந்த முதியவர் அடுக்குகளை உள்ளங்கைபோல் அறிந்தவர். தறி நெய்வோர் நெசவு பற்றிக் கேட்டால், கைத்தொழில் அடுக்கோடு நில்லார். வரலாற்று அடுக்கிலிருந்தும் ஒன்றை உருவித் தருவார். துப்பறியும் கதை தேடி வந்த சிறுவன், ஈராண்டில் இலக்கியம் தேடி வந்தான் என்றால், அந்த வித்தை அவருடையது. அவர் ஓய்வு பெற்றார். நாற்காலி பல திங்கள் வெறுமையாய் நின்றது. வேறொரு கிளையின் நூலகர் இரண்டையும் பார்த்தார். ஆகவே, ஒருநாள் திறப்பு, மறுநாள் பூட்டு! பிறகு, புதிதாய் ஓர் இளம்பெண் பொறுப்பேற்றார். முதல் நாளே ஒரு பெரியவர் கேட்டார்:

"ஏன் அம்மிணி, அந்த ஐயா இனி வரமாட்டாருங்களா?"

"ரிட்டையர் ஆயிட்டாருங்கய்யா. உங்களுக்கு என்ன புத்தகம் வேணுமுங்க?"

"அது அவருக்குத்தானுங்க தெரியும்!"

சிரித்தோம்; எனினும் சிந்திக்க வேண்டிய சொல் அது. பொறுப்பு ஒப்படைப்பு என்று ஒன்று நடக்கிறது. சாவியை எண்ணுகிறார்கள், நூலை எண்ணுகிறார்கள், நாற்காலியை எண்ணுகிறார்கள். தலைக்குள் இருந்த முப்பதாண்டு அறிவை எந்தப் பதிவேட்டில் எழுதினார்கள்? முன்னவரும் பின்னவரும் ஒரு திங்கள் ஒன்றாய் அமர்ந்திருந்தால் அரசின் கருவூலம் குறைந்துவிடுமா?

ஆள் மாற்றத்தால் நன்மை விளைந்த கதையும் உண்டு. 1924இல், சென்னைப் பல்கலைக்கழக நூலகத்திற்குக் கணக்கு ஆசிரியர் ஒருவரை அமர்த்தினார்கள். அவர்தாம் அரங்கநாதன். ஏடறிந்தவர், எனினும் நூலகம் அறியாதவர். அவ்வாண்டே இலண்டனுக்குச் சென்று கற்றார்; மீண்டு வந்து, அடுக்குகளைப் படிப்போர்க்குத் திறந்துவிட்டார்; 1931இல் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். படிப்பவரின் காலத்தைக் காத்திடுக என்பது அவற்றுள் ஒன்று. இருபதாண்டு அங்கேயே பணியாற்றினார். கற்கவும் விட்டார்கள், நிலைக்கவும் விட்டார்கள்; விளைந்தது!

2024இல், காந்திபுரத்திலே பெரியார் பெயரால் மாபெரும் நூலகத்திற்கு அடிக்கல் நாட்டினார்கள். மகிழ்ந்தோம். மாளிகை எழட்டும்! ஊர்ப்புற நூலகத்தையும் சற்றே திரும்பிப் பார்க்கட்டும். திறப்பவர், பெருக்குபவர், பதிபவர், பூட்டுபவர் எல்லாம் அங்கே ஒருவர்தாம்.

அந்த இளம்பெண் சோர்ந்துவிடவில்லை. வாடிக்கையாய் வருவோரிடம், முன்னவர் எதை எங்கிருந்து எடுத்துத் தந்தார் என்று கேட்டுக் கேட்டுக் குறிப்பேடு ஒன்றில் எழுதி வருகிறார். சென்ற கிழமை நாம் பார்த்தபோது பாதி ஏடு நிறைந்திருந்தது. அவருக்கும் இடமாற்ற ஆணை எந்த நாளும் வரலாம்.