மவுஸ் மக்கர் பண்ணுதா? உடனே தூக்கிப் போடாதீங்க!

இளம்பிள்ளை என்றதும் சேலைதான் ஞாபகத்துக்கு வரும். ஜக்கார்டு சேலைகளுக்கு டிசைன் போடுவது இப்போது கம்ப்யூட்டரில்தான். முந்தானை பாதியில் இருக்கும்போது மவுஸ் நின்று, கீபோர்டும் உறைந்தால் சேவ் பண்ணக்கூட வழியில்லை. அரை நாள் உழைப்பு அம்பேல்!

எல்லோரும் முதலில் திட்டுவது மவுஸைத்தான். ஆனால் பல நேரம் குற்றவாளி வேறு. கேபினெட்டின் முன்பக்க யுஎஸ்பி போர்ட்டுகள் ஒயர் வழியாகத்தான் மதர்போர்டுக்குப் போகின்றன. அந்த ஒயர் லூஸாக இருக்கலாம். பின்பக்கத்தில் இருப்பவை மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை. அதனால் முதலில் பின்பக்கம் மாட்டிப் பாருங்கள்.

அடுத்தது ஹப். யுஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தருவது 5 வோல்ட், 500 மில்லிஆம்பியர். தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் மவுஸ், கீபோர்டு, ஹார்டு டிஸ்க் என்று மாட்டினால் கரண்ட் எப்படிப் போதும்?

அப்புறம், விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப், பவர் மேனேஜ்மெண்ட். மின்சாரம் மிச்சம் பிடிக்க அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

கடைசியாக வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் மக்கர் என்றால்தான் புது மவுஸ்.

இழை அறுந்தால் யாரும் தறியை விற்பதில்லை. அறுந்த இடத்தைத் தேடி முடிச்சுப் போடுவார்கள், அவ்வளவுதான்!