மையவாடிக்கு அருகே ஒரு மைதானம்

2014 ஜூன் 15ஆம் திகதி இரவு எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. அளுத்கமையிலும் தர்கா நகரிலும் வீடுகளும் கடைகளும் எரிந்துகொண்டிருந்தன. ஊரடங்குச் சட்டம் போட்டிருந்தார்கள். தர்கா நகரில் வாழ்க்கைப்பட்ட எங்கள் ராத்தா இஷாவுக்குப் பிறகு ஒரேயொரு தடவை பேசினார். "புள்ளகளக் கூட்டிட்டு வெளியால எறங்குறம், துஆச் செய்ங்க" என்றார். அதன் பிறகு தொலைபேசி எடுபடவில்லை. உம்மா முசல்லாவை விட்டு எழும்பவேயில்லை.

அதிகாலை மூன்றரை மணிக்கு நான் தொலைக்காட்சியைப் போட்டேன். செய்தி பார்க்க என்று உம்மாவிடம் சொன்னேன். அது பொய். ரியோ டி ஜெனீரோவின் மரக்கானா மைதானத்தில், பொஸ்னியா ஹெர்ஸகோவினா தன் முதலாவது உலகக் கிண்ணப் போட்டியில் ஆர்ஜன்டீனாவைச் சந்திக்கும் நேரம் அது. கூடப்பிறந்தவளின் நிலை தெரியாத இரவில் பந்தாட்டம் பார்த்த வெட்கம் இன்றும் என்னைவிட்டுப் போகவில்லை.

பொஸ்னியா என்ற பெயர் எனக்கு அறிமுகமானது பள்ளிவாசலில்தான். 1993இல் எனக்குப் பதினேழு வயது. இமாம் குனூத்தில் அந்த மக்களுக்காக அழுது துஆக் கேட்பார். ஜும்ஆ முடிந்ததும் உண்டியல் வரும். அந்த வருடம் ஜூன் 1ஆம் திகதி, ஹஜ்ஜுப் பெருநாள் காலத்தில், முற்றுகைக்குள்ளிருந்த சரயேவோ நகரின் டொப்ரின்யா பகுதியில், வாகனத் தரிப்பிடம் ஒன்றையே மைதானமாக்கிப் பொடியன்கள் பந்தாடினார்கள். பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் இரண்டு மோட்டார் குண்டுகள் விழுந்தன. பத்துக்கு மேற்பட்டவர்கள் மௌத்தானார்கள். ஏறத்தாழ நூறு பேர் காயப்பட்டார்கள். அந்த வயதில் பொஸ்னியா எனக்கு ஒரு நாடாகத் தெரியவில்லை. கொல்லப்படும் முஸ்லிம்களின் இன்னொரு பெயராகவே தெரிந்தது. ஆகவே அந்த நாட்டுக்கு ஓர் உதைபந்தாட்ட அணி உண்டானபோது, அது 'எங்கட டீம்' ஆகிவிட்டது.

அணி உண்டான கதையே கண்ணைக் கலங்கவைக்கும். டேட்டன் சமாதான உடன்படிக்கைக்கு 1995 நவம்பர் 21இல் இணங்கினார்கள். டிசம்பர் 14இல்தான் முறைப்படி கையெழுத்திட்டார்கள். அந்த இடைவெளிக்குள், நவம்பர் 30இல், திரானா நகரில் அல்பேனியாவுடன் ஆடி 2-0 என்று தோற்றது பொஸ்னியா. அடுத்த வருடம் நவம்பர் 6இல் சரயேவோவின் கொஷேவோ மைதானத்துக்கு வந்த இத்தாலியை 2-1 என்று வென்றது. 1994 உலகக் கிண்ண இறுதிப்போட்டி வரை போன இத்தாலி அது. கோல் அடித்தவர்களில் ஒருவர் ஹஸன் ஸாலிஹாமிட்ஸிச்; பதினைந்து வயதில் யுத்தத்துக்குத் தப்பி ஜேர்மனிக்குப் போனவர். கொஷேவோவில்தான் 1984 குளிர்கால ஒலிம்பிக் ஆரம்ப விழா நடந்தது. முற்றுகைக் காலத்தில் அதன் பக்கத்திலிருந்த பயிற்சித் திடலை மையவாடியாக்க வேண்டி வந்தது. கோல் விழுந்தால் எழும் ஆரவாரம் கபுறுகளுக்கும் கேட்கும் தூரம்.

ஆனால் தேடி வாசிக்க வாசிக்க, நான் மனதில் வைத்திருந்த படம் கலையத் தொடங்கியது.

இந்த அணியின் கதையை இவிட்ஸா ஒசிம் என்ற சரயேவோக்காரரை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. அவர் முஸ்லிமல்ல. யூகோஸ்லாவியாவின் கடைசிப் பெரிய அணியின் பயிற்றுவிப்பாளர். 1990 உலகக் கிண்ணக் காலிறுதியில், புளோரன்ஸ் நகரில், அந்த அணி பத்துப் பேருடன் ஆர்ஜன்டீனாவை கோலின்றிச் சமாளித்துப் பெனால்டி உதைகளில் தோற்றது. அதில் கடைசி உதையைத் தவறவிட்டவர் ஃபாரூக் ஹாஜிபேகிச். அந்தப் பந்து வலைக்குள் போயிருந்தால் நாடு உடைந்திருக்காதோ என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1992 மே 23இல், தன் நகரத்தின் மேல் குண்டுகள் விழுந்துகொண்டிருக்க, ஒசிம் பதவியைத் துறந்தார். சரயேவோவுக்காகத் தன்னால் செய்யக்கூடியது அதுவொன்றுதான் என்று கண்ணீரோடு சொன்னார். அவருடைய மனைவியும் முற்றுகைக்குள் அகப்பட்டிருந்தார். அந்த வருட ஐரோப்பியக் கிண்ணத்திலிருந்து யூகோஸ்லாவியா விலக்கப்பட்டது. பதிலாகச் சேர்க்கப்பட்ட டென்மார்க் சம்பியனானது.

யுத்தம் முடிந்த பிறகும் மூன்று இனமும் தனித்தனியாகவே நின்றன. உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்குக்கூட பொஸ்னியாக், சேர்பியர், குரோவேஷியர் என்று மூன்று தலைவர்கள். ஒரே தலைவர் வேண்டும் என்ற விதிக்கு அவர்கள் இணங்காததால் 2011 ஏப்ரலில் ஃபீபா அந்த நாட்டை இடைநிறுத்தியது. அப்போது சீர்செய்யும் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் ஒசிம்தான். சில வருடங்களுக்கு முன் பக்கவாதத்தால் விழுந்து எழுந்த மனிதர், மூன்று தரப்பு அரசியல்வாதிகளின் வாசலுக்கும் போனார். இரண்டு மாதத்துக்குள் தடை நீங்கியது. அது நீங்காதிருந்தால் மரக்கானா இல்லை.

அன்றிரவு மைதானத்தில் இறங்கிய பதினொருவரில் மிசிமோவிச்சும் ஒருவர்; சேர்பியப் பெற்றோருக்கு மூனிக்கில் பிறந்து, பொஸ்னியாவுக்கு ஆட வந்தவர். நான் 'எங்கட டீம்' என்று இருபது வருடமாகச் சொல்லி வந்தபோது அவரையும் ஒசிமையும் எந்தக் கணக்கில் வைத்திருந்தேன்? அவர்களை வெளியே தள்ளிவிட்டு மிஞ்சுவதைத்தான் சரயேவோவைச் சுற்றி மலைகளில் பீரங்கியோடு இருந்தவர்களும் விரும்பினார்கள்.

மூன்றாவது நிமிடத்திலேயே கொலாஷினாட்ஸின் காலில் பட்டுச் சொந்தக் கோல். பிறகு மெஸ்ஸி ஒன்று. 85ஆவது நிமிடத்தில் வெதாத் இபிஷெவிச் பொஸ்னியாவின் முதலாவது உலகக் கிண்ணக் கோலை அடித்தார். 1992இல் விளாஸெனிட்ஸா ஊரில், ஆயுததாரிகள் வந்தபோது, உம்மா காட்டில் தோண்டிய குழிக்குள் தங்கையோடு ஒளிந்திருந்த சிறுவன் அவர். நான் சத்தம் போடவில்லை. பக்கத்தறையில் உம்மா ஓதும் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. 2-1 என்று தோற்றோம். அடுத்து நைஜீரியாவிடம் தோல்வி. கிடைத்த ஒரே வெற்றி ஈரானுக்கு எதிராக. அதற்கு நான் யார் பக்கம் துஆக் கேட்டிருக்க வேண்டும் என்பது இன்றுவரை தெரியாது.

ஒசிம் 2022 மே 1இல் காலமானார். சரயேவோவில் அடக்கினார்கள்.

அன்று சுபஹுக்குப் பிறகு ராத்தா பேசினார். மச்சானுடைய கடை போய்விட்டது. பிள்ளைகளோடு இரவைக் கழித்தது ஒரு சிங்கள வீட்டின் பின்னறையில். அந்த வீட்டுப் பொடியன் விளக்கை அணைத்து, சத்தத்தை முழுதாகக் குறைத்து, விடியும் வரை மெச் பார்த்தானாம். ராத்தாவின் சின்ன மகனும் தூங்காமல் அவனோடு ஒட்டிக்கொண்டிருந்தானாம். "இதுல எங்கட டீம் எது?" என்று கேட்டானாம்.

பொடியன் யோசிக்கவேயில்லையாம். மெஸ்ஸியைக் காட்டினானாம்.