நாய்க்கும் ஓர் இராத்தங்கல்

மனிதன் தன் இல்லத்தில் இருந்து காட்டும் அன்பு ஒன்று; வழிப்பயணத்தில் காட்டும் அன்பு மற்றொன்று. இல்லத்தில் இடம் உண்டு, உணவு உண்டு, விளக்கு உண்டு; ஆதலின் ஆண்டுப் பிறிதோர் உயிர்க்குச் சிறிது ஈதல் அரிய செயலாகாது. பயணத்திலோ சுமக்கக்கூடிய பொருள் சிறிது. கூடாரம் அதனினும் சிறிது. மழை வந்தால் ஒதுங்கும் இடம் ஒன்றே. அந்நிலையில் தன்னுடன் வந்த உயிர்க்கு ஒருவன் எவ்விடத்தை ஒதுக்குகின்றான் என்பதைக் கொண்டு அவன் அன்பின் அளவை உள்ளவாறு அறியலாம். காட்டிலும் ஆற்றங்கரையிலும் கூடாரமடித்துத் தங்குவோருடன் செல்லும் நாய் இரவில் எங்கே படுக்கும் என்னும் வினாவையே யான் ஈண்டு எடுத்துக்கொண்டேன். இஃது அற்பமான விஷயம் என்று எண்ணும் அன்பர்கள் சிறிது பொறுத்தருள்வாராக.

இவ்வினா என் உள்ளத்தில் முதன்முதல் எழுந்தது, தோபித்து ஆகமத்தைப் படித்தபொழுது. கத்தோலிக்கர் தம் வேதத்துள் ஒன்றாகக் கொள்ள, புரொட்டஸ்டண்டார் தள்ளுபடி ஆகமங்களுள் வைத்தெண்ணும் பழைய நூல் அது. தோபியா என்னும் இளைஞன் தன் தந்தையின் பணத்தைப் பெற்றுவரத் தொலைவூர்க்குப் புறப்படுகின்றான். மானிட வடிவில் ஒரு தேவதூதன் வழித்துணையாக வருகின்றான். நாயும் உடன் செல்கின்றது. முதல் நாள் இரவில் அவர்கள் டைகிரிஸ் ஆற்றங்கரையில் தங்குகின்றனர். இளைஞன் ஆற்றில் இறங்கியதும், பெரியதொரு மீன் அவன்மேற் பாய்ந்ததும் அங்கே சொல்லப்பெறுகின்றன. நாய் அன்றிரவு எங்குப் படுத்தது என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. புறப்படும்பொழுது நாயை நினைந்த கதை, இருட்டியதும் அதனை மறந்துவிட்டது.

இந்நினைவோடு இருந்த எனக்குச் சென்ற விடுமுறையில் நூல்நிலையத்தில் கிடைத்தது அமெரிக்க நாட்டுப் பயண வரலாறு ஒன்று. ஜனாதிபதி தாமஸ் ஜெபர்ஸன் விருப்பப்படி மெரிவெதர் லூயிஸ், வில்லியம் கிளார்க் என்னும் இரு படைத்தலைவர்கள் ஒரு கூட்டத்தாருடன் மிசௌரி ஆற்றின் வழியே மேற்கு நோக்கிச் சென்றனர். 1804-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் நாள் புறப்பட்டவர்கள், பசிபிக் கடலைக் கண்டு, 1806-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் செயிண்ட் லூயி நகருக்கு மீண்டனர். பெரும்படகுகளிலும், மரத்தைக் குடைந்து செய்த ஓடங்களிலும் பகலெல்லாம் செல்வதும், இரவில் கரையேறித் தங்குவதுமாக அவர்கள் நாட்கள் கழிந்தன. அக்கூட்டத்தில் ஒரு நாயும் இருந்தது. நியூபவுண்ட்லாந்து இனத்தைச் சேர்ந்த பெரிய நாய், சீமன் என்பது அதன் பெயர், லூயிஸுக்கு உரியது.

லூயிஸ் அந்நாயினிடத்துப் பேரன்பு கொண்டிருந்தார் என்பதில் ஐயமில்லை. 1803-ஆம் ஆண்டு நவம்பரில் ஷானி குலத்தைச் சேர்ந்த ஒருவர் மூன்று பீவர்த் தோல்களைத் தருவதாகக் கூறி அதனை விலைக்குக் கேட்டார். லூயிஸ் மறுத்துவிட்டார். தாம் அதனை 20 டாலர் கொடுத்து வாங்கியதையும், அதன் குணத்திற்காக அதனைப் பெரிதும் மதிப்பதையும் அவர் தம் தினக்குறிப்பில் எழுதிவைத்தார். 1805 மே மாதத்தில் காயம்பட்ட பீவர் ஒன்று சீமனுடைய பின்னங்காலைக் கடித்து இரத்தக் குழாயைத் துண்டித்தது. குருதியை நிறுத்த அவர் பட்ட பாடும், நாய் பிழையாதோ என்று கொண்ட அச்சமும் அக்குறிப்பிற் காணலாம். 1806 ஏப்ரலில் கொலம்பியா ஆற்றங்கரையில் சிலர் நாயைக் கவர்ந்து சென்றபொழுது, அதனை மீட்டுவர மூன்று வீரரை அனுப்பினார்.

இனி, அப்பயணத்தின் இரண்டு இரவுகளைக் கூறுவேன்.

முதலாவது, 1805 மே 28-ஆம் நாள் இரவு. மிசௌரிக் கரையில் தீ மூட்டி அதன் அருகே வீரர்கள் வரிசையாகப் படுத்து உறங்கினர். தலைவர் இருவரும், வழிகாட்டியான பழங்குடிப் பெண் சக்காஜவேயாவும், அவளுடைய கைக்குழந்தையும், வேறு சிலரும் தோற்கூடாரத்தினுள் இருந்தனர். நள்ளிருளில் காட்டெருது ஒன்று எதிர்க்கரையிலிருந்து நீந்தி வந்து, கட்டியிருந்த படகின்மேல் ஏறி மிதித்துக் கரையிற் பாய்ந்தது. தீயைக் கண்டு மருண்டு, உறங்குவோர் தலைகளுக்குச் சில அங்குலம் அப்பால் ஓடிக் கூடாரத்தை நோக்கி வந்தது. அப்பொழுது சீமன் எதிர்த்து அதன் வழியைத் திருப்பியது. தம்மைக் காத்தது நாயே என்று லூயிஸ் எழுதினார். ஒரு மாதத்திற்குப் பின், பெரிய அருவிகளின் அருகே தங்கியிருந்தபொழுதும், கரடிகளின் நடமாட்டத்தால் அது இரவு முழுதும் குரைத்துக்கொண்டே இருந்தது. ஏனையோர் உறங்கினர், நாய் விழித்திருந்தது.

இரண்டாவது, 1806 ஜூலை 15-ஆம் நாளைய குறிப்பில் வருவது. மீளும் வழியில் அவ்வருவிகளின் அருகே கொசுக்கள் மேகம்போல் மொய்த்தன. மூச்சு விடும்பொழுது தொண்டைக்குள் புகும் அளவு அவை மிகுந்திருந்தன. தாம் பொழுதின் முக்காற் பங்கையும் கொசுவலைக்குள்ளேயே கழிக்க நேர்ந்ததாக லூயிஸ் எழுதுகின்றார். அடுத்து, வேதனை தாங்காமல் தம் நாயும் ஊளையிடுகின்றது என்று எழுதுகின்றார். வலைக்குள் தலைவர், ஊளையிடும் நாய். அந்நாயைப்பற்றி அத்தினக்குறிப்புகளில் வரும் கடைசிச் செய்தி இதுவே. இதற்கு முந்திய ஆண்டிலும், முள் நுனியுடைய புல்விதைகள் தோலில் தைத்து, அது ஓயாமல் தன்னைக் கடித்துக்கொண்டும் சொறிந்துகொண்டும் துன்புற்றதை இரக்கத்தோடு அவர் குறித்துள்ளார்.

இதனைப் படித்தபின் லூயிஸை வெறுக்க என்னால் இயலவில்லை. அவர் கல்நெஞ்சர் அல்லர். நாயின் வேதனையைக் கண்டார், கேட்டார், எழுதினார். ஆயினும் கூடாரத்தைக் காத்த நாய்க்கு வலையின் ஓர் ஓரம் கிட்டியதாக அக்குறிப்பிற் காணோம். அன்பு இருந்தும் தங்கல் இல்லாமற் போவது எங்ஙனம் என்று யான் பல நாள் எண்ணியதுண்டு.

இதற்கு நேர்மாறான செய்தியொன்று தென்துருவப் பயண வரலாற்றில் உள்ளது. நார்வே நாட்டு ரோல்டு அமுண்ட்சென் 1911-ஆம் ஆண்டில் திமிங்கில விரிகுடாவின் பனித்திட்டில் பாசறை அமைத்தார். அவர் கொண்டுவந்த பொருள்களுள் நாய்களுக்கென்றே எட்டுப் பெரிய கூடாரங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் பதினாறு மனிதர் தங்கும் அளவினது. பனியைத் தோண்டித் தரையைத் தாழ்த்தி, காற்று தாக்காதபடி அவற்றை அடித்தனர். இரவில் நாய்களை உள்ளே கட்டுவதும், காலையில் அவிழ்த்துவிடுவதும் ஒழுங்காக நடந்தன. அத்துணைக் கவலையோடு பேணிய நாய்களுள் 52 அவ்வாண்டு அக்டோபரில் துருவம் நோக்கிப் புறப்பட்டன. 1912 ஜனவரியில் மீண்டவை 11. மலையேறி மேட்டுநிலத்தை அடைந்தவுடன் 24 நாய்களைச் சுட்டு, தாமும் உண்டு, ஏனை நாய்களுக்கும் உணவாக்கினர். இது புறப்படுமுன்னரே வகுத்த திட்டம்.

இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். அமுண்ட்சென் நாயைத் தம் காரியத்திற்கு வேண்டிய ஆற்றலாகக் கணக்கிட்டார். கணக்கிட்டமையால் அதன் படுக்கையையும் கப்பலில் ஏற்றினார். லூயிஸ் நாயைத் தோழனாக நேசித்தார். நேசம் போதுமென்று அதன் இரவைத் தனியே எண்ணாதுவிட்டார் போலும். கணக்கு இருந்த இடத்தில் நாய்க்குக் கூடாரம் கிடைத்தது, உயிர் கிடைக்கவில்லை. நேசம் இருந்த இடத்தில் உயிர் காக்கப்பெற்றது, வலை கிடைக்கவில்லை. லூயிஸின் நெஞ்சும் அமுண்ட்செனின் முன்யோசனையும் ஓரிடத்தில் சேர்தல் வேண்டும்.

தன் படுக்கையைத் தானே தேடிக்கொள்ளும் அறிவு நாய்க்கு இயற்கையில் உண்டே என்று சிலர் கூறுவர். உண்மைதான். எங்கள் விடுதிச் சமையற்கட்டின் பின்புறத்தில் வாழும் நாயை யான் கவனித்திருக்கின்றேன். மார்கழிப் பனியில் அது அடுப்பிலிருந்து அள்ளிக் கொட்டிய சாம்பற் குவியலில் வட்டமிட்டுச் சுருண்டு, மூக்கை வாலுக்குள் புதைத்துக்கொள்ளும். மழை பெய்யின் விறகுக் கொட்டகையின் உட்புறம் புகும். சித்திரை வெயிலில் தண்ணீர்த் தொட்டியின் கீழே ஈரமண்ணைப் பறித்து அதில் வயிற்றை வைத்துப் படுக்கும். ஒருவரும் அதற்குக் கற்பிக்கவில்லை. ஆனால் அது கட்டப்படாத நாய் என்பதை நாம் மறத்தலாகாது. இடத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அதற்கு இருக்கின்றது. பயணத்தில் உடன்வரும் நாயோ நம் கயிற்றில் இருப்பது. கனடாவில் ஒன்டாரியோ மாகாணப் பூங்காக்களில் நாயை 2 மீட்டருக்கு மிகாத கயிற்றிற் பிடித்தல் வேண்டும் என்பது விதி. காட்டு விலங்குகளுக்கும் நாய்க்கும் நன்மை பயக்கும் விதியே அது. எனினும், கயிறு கட்டிய கையே நாயின் தேர்வையும் எடுத்துக்கொண்டது. ஆதலின் அத்தேர்வைச் செவ்வையாகச் செய்யும் கடமையும் அக்கையினதே.

ஓடப் பயணத்திற்குப் பேர்பெற்ற இடங்களுள் ஒன்டாரியோவில் 1893-ஆம் ஆண்டில் ஏற்பட்ட அல்கோன்குவின் பூங்காவும், அமெரிக்காவின் மினசோட்டா எல்லையிலுள்ள ஏரிக்காடுகளும் சிறந்தவை. அங்கே ஓடத்தில் ஏரியைக் கடந்து, அடுத்த ஏரிவரை ஓடத்தைத் தோளிற் சுமந்து நடப்பர். சுமை கூடுமாதலின் ஒவ்வொரு பொருளையும் எண்ணியே எடுப்பர். நாயோடு செல்வோர் அதன் இரவுக்குக் கையாளும் வழிகள் சில. கூடாரத்தினுள் தம்முடனே படுக்க வைத்தல் ஒன்று. மேல்விரிப்புக்கும் உட்கூடாரத்திற்கும் இடையிலுள்ள தாழ்வாரம்போன்ற இடத்தைத் தருதல் மற்றொன்று. கவிழ்த்த ஓடத்தின் கீழே துணியை விரித்துக் கிடத்துதல் மூன்றாவது. முற்காலத்தில் தோல் வாணிக ஓடக்காரர் தாமும் அவ்வாறே படுத்தனர். நாய்க்கெனச் சிறு கூடாரம் எடுத்துச் செல்வாரும் உளர்.

இவற்றுள் ஓடத்தின் நிழல் மழையை ஒருவாறு தடுக்கும், கொசுவைத் தடாது. கொசுக்கடி வெறும் நமைச்சலோடு ஒழிவதன்று. நாயின் இருதயத்தில் வளரும் புழுவைப் பரப்புவதும் கொசுவே. மேலும், வெளியே கட்டப்பட்ட நாய் கரடியோ ஓநாயோ வந்தால் ஓடவும் இயலாது. ஆதலின் வலையிட்ட கூடாரத்தினுள் இடம் தருவதே மேலானதாக எனக்குத் தோன்றுகின்றது. நனைந்த நாயைத் துவட்ட ஒரு துணி வேண்டும். ஈரத்தரை உடற்சூட்டை இழுக்குமாதலால், அதன் நீளத்திற்கு வெட்டிய மெத்துப் பாய் ஒன்று வேண்டும். நகங்கள் கூடாரத் தரையைக் கிழியாதபடி முன்னரே தேய்த்துவிடுதல் நலம். குட்டை மயிர் நாய்க்குப் போர்வை வேண்டும். அடர்ந்த மயிருடையதற்கோ காற்றோட்டமே வேண்டும். ஏனெனில் மேனி முழுதும் வியர்த்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளும் வசதி நாய்க்கு இல்லை, பெரும்பாலும் இளைத்தே தணித்துக்கொள்ளும். எல்லாவற்றினும் முக்கியமானது, புறப்படுமுன் வீட்டு முற்றத்திலேயே கூடாரமடித்துச் சில இரவுகள் நாயை அதில் பழக்குதல்.

மனிதரே மழையில் நனைந்து கிடக்கும் உலகில் நாயின் படுக்கையைப்பற்றிப் பேசுதல் தகுமோ என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டார். நேரிய கேள்வி. யான் அவருக்குக் கூறிய விடை இது: வீடற்ற மனிதனுக்கு நாம் செய்யவேண்டிய கடன் பெரிது, நாய்க்குப் பாய் விரிப்பதால் அக்கடன் ஓர் அணுவும் குறைந்துவிடாது. ஆனால் நாயை அக்காட்டிற்கு அழைத்துச் சென்றவன் நானாயின், அவ்விரவில் அதற்கு என்னையன்றி வேறு புகல் இல்லை. அதனை வாவென்று அழைத்தபொழுதே அதன் இரவையும் ஏற்றுக்கொண்டேன். நண்பர் சிறிது நேரம் பேசாதிருந்து, பின் தலையசைத்தார்.

நம் மாணவருள் சாரணர் முகாமிற்கும் மலைப்பயணத்திற்கும் செல்வோர் பலர். அவர்களுள் ஒருவரேனும் இனி ஒரு நாயை உடன் அழைத்துச் செல்வாராயின், அரிசி எவ்வளவு, விளக்கு எத்தனை, போர்வை எத்தனை என்று பட்டியல் எழுதும் தாளிலேயே, நாய் படுக்கும் இடம் எது என்பதையும் ஒரு வரியாக எழுதிக்கொள்வாராக. இருள் சூழ்ந்தபின் இரங்குவதினும், பகலில் எழுதிய அவ்வொரு வரி அவ்வாயில்லா உயிர்க்கு மிகுந்த பயன் தரும்.