மூச்சின் வாயில்

கடிகாரங்களைப் பிரித்துப் பூட்டும் பழக்கம் நமக்கு இளமையிலேயே ஏற்பட்டது. அரபு இலக்கணம் கற்பிக்கும் ஒருவருக்கு இவ்வேலை எதற்கு என்று வீட்டார் கேட்பதுண்டு. ஒரு சொல்லின் மூல எழுத்துக்களைப் பிரித்தறிவதும் பற்சக்கரங்களைப் பிரித்தறிவதும் ஒன்றே என்று விடை கூறி வந்தோம். அந்தப் பெருமைதான் சென்ற ஆண்டு நம்மை ஒரு பெரும் பிழையின் விளிம்புக்குக் கொண்டு சென்றது.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் வளைகுடாவில் நீரடி வேலை செய்து ஊர் திரும்பியிருந்தார். ஒரு நாள் பகலில் துணிப்பை ஒன்றுடன் கீழக்கரையிலுள்ள நம் இல்லத்துக்கு வந்தார். பைக்குள் தட்டை வடிவான பித்தளைப் பெட்டி. அதன் இருபுறமும் மடிப்பு மடிப்பான ரப்பர்க் குழாய்கள். அவை கூடுமிடத்தில் வாயில் கவ்விக்கொள்ளும் பகுதி.

"ஆலிம்சா, அறுபது வருசத்து ரெகுலேட்டர் இது. ரப்பரெல்லாம் புதிதாக மாற்றிவிட்டேன். சும்மா இருக்கும்போதே காற்று கசிகிறது. கடிகாரம் பார்க்கிற கை, நீங்கள் ஒருமுறை பாருங்கள்" என்றார். மறுநாள் காலையில் அதனுடன் கடலில் இறங்குவதாக எண்ணம்.

நம் கடலில் முத்தும் சங்கும் குளித்தவர்கள் மூச்சை அடக்கியே இறங்கினார்கள். பத்து மீட்டர் ஆழத்தில் அவர்களுடைய நெஞ்சிலிருந்த காற்று பாதியாகச் சுருங்கிவிடும். நீருக்குள் மூச்சு விட வேண்டுமாயின், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு இணையான காற்று வேண்டும். ஆழம் மாறுந்தோறும் அதுவும் மாற வேண்டும். 1860களிலேயே ரூக்கெய்ரோல், தெனெய்ரூஸ் என்னும் பிரெஞ்சுக்காரர் இருவர் இதற்கொரு வழி கண்டனர். பின்னர் பிரான்சு ஜெர்மானியர் வசமிருந்த காலத்தில், பெட்ரோல் தட்டுப்பாட்டினால் மோட்டார் வண்டிகளை எரிவாயுவில் ஓட்டுவதற்கென எமில் கான்யான் என்ற பொறியாளர் ஒரு வால்வு செய்திருந்தார். கடற்படை அதிகாரி கூஸ்தோ அவரை நாடியதன் விளைவே 1943இல் உருவான கருவி.

அதன் முதற் சோதனை மார்ன் ஆற்றில் நடந்தது. நிமிர்ந்து நின்றால் காற்று வீணே கொட்டியது. தலைகீழானால் இழுக்கவே இயலவில்லை. காரணம், விட்ட மூச்சு வெளியேறும் வாய் ஓரிடத்திலும், காற்றைத் தரும் ரப்பர்ப் படலம் வேறு உயரத்திலும் இருந்தன. அரை முழத்துக்கும் குறைவான அந்த உயர வேறுபாடே நீரழுத்தத்தை மாற்றிவிட்டது. இரண்டையும் அருகருகே ஒரே மட்டத்தில் வைத்ததும் குறை நீங்கிற்று. முதுகுப்புறப் பெட்டிக்கு விட்ட மூச்சைத் திரும்பக் கொண்டு செல்ல இரண்டாவது குழாய் எதற்கு என்று வியந்த நமக்கு, இதைப் படித்த பின்னரே விளங்கிற்று.

மாணவரின் கருவி இரு நிலைகள் கொண்டது. உருளையில் ஏறத்தாழ 150 மடங்கு அழுத்தத்தில் அடைபட்ட காற்றை முதல் வாயில் எட்டு மடங்களவுக்குத் தணிக்கிறது. நாம் மூச்சை இழுத்ததும் படலம் உள்வாங்கி, நெம்புகோலை அழுத்தி, இரண்டாம் வாயிலைத் திறக்கிறது.

சீறல் ஒலி இரண்டாம் வாயிலிலிருந்து வந்தது. ஆகவே பழுதும் அங்கேதான் என்று முடிவு செய்தோம்! அதன் சுருள்வில்லை அரைச் சுற்று இறுக்கினோம். ஒலி அடங்கிற்று. மஃரிபுக்குப் பின் அவர் வந்தபோது, "தீர்ந்தது, தம்பி" என்று நீட்டினோம்.

அவர் வாயில் வைத்து ஒருமுறை இழுத்தார், புருவம் சுருங்கிற்று. அண்டாவில் நீர் கொணரச் சொன்னார். வாய்க்கவ்வியை வெளியே பிடித்துக்கொண்டு, படலத்தின் பக்கம் கீழாகப் பெட்டியை மெல்ல அமிழ்த்தினார். இரண்டு மூன்று சென்டிமீட்டரில் காற்று வந்திருக்க வேண்டும். அதைப்போல் இருமடங்கு ஆழம் போயும் வரவில்லை. பிறகு இரு வாயில்களுக்கும் இடையே அழுத்தமானி ஒன்றை இணைத்தார். முள் எட்டில் நிற்கவில்லை. ஒன்பது, பத்து, பதினொன்று என ஊர்ந்துகொண்டே இருந்தது.

குற்றம் முதல் வாயிலில். அதன் இருக்கை தேய்ந்து, மூடிய பின்னும் காற்று ஒழுகியிருக்கிறது. மிகுந்த அழுத்தம் இரண்டாம் வாயிலைத் தள்ளித் திறந்ததே அந்தச் சீறல். நாமோ குறை சொன்ன வாயை அடைத்துவிட்டு, பழுது தீர்ந்ததென்று ஒரு மனிதரைக் கடலுக்கு அனுப்பவிருந்தோம். நஃபஸ் என்றால் மூச்சு. நஃப்ஸ் என்றால் 'தான்' என்னும் உயிர். இரண்டுக்கும் மூல எழுத்துக்கள் மூன்றே என்று எத்தனை முறை பாடம் நடத்தியிருப்போம்!

மாணவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "முதலில் கேஜ், பிறகுதான் ஸ்க்ரூ, ஆலிம்சா" என்று மட்டும் சொன்னார். வில்லைப் பழைய நிலைக்குத் தளர்த்தினோம். புதிய இருக்கை வந்து சேர மூன்று வாரமாயிற்று. அதைப் பொருத்திய பின், ஓர் இரவு முழுதும் முள் அசையவில்லை.

அவர் இறங்கிய காலையில் நாமும் வள்ளத்தில் இருந்தோம். கரையேறியதும், "கவிழ்ந்து நீந்தினால் இழுக்கக் கொஞ்சம் கடினம். மல்லாந்தால் கேட்காமலே காற்று வருகிறது. இன்னும் ஏதேனும் திருப்ப வேண்டுமா?" என்று கேட்டார். தெரிந்தே கேட்கிறார் என்பதை அவருடைய சிரிப்பே காட்டிற்று.

கவிழ்ந்தால் முதுகிலுள்ள பெட்டி நெஞ்சுக்கு மேலே, மல்லாந்தால் கீழே. "பழுதன்று, தம்பி. ஒன்றையும் தொட வேண்டாம்" என்றோம்.